பன் மெத்துன்னு வரணுமா? மாவைக் கொஞ்சம் தூங்க விடுங்க!

விருத்தாசலம்னு சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும்? சிலருக்குப் பழமலைநாதர் கோயில். சிலருக்கு நடுராத்திரியில் ரயில் மாறி ஏறுகிற ஜங்ஷன். நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டால், 'பீங்கான் ஊராச்சே!' என்பார்கள். பீங்கான் தொழிலைச் சொல்லித் தர அங்கே ஓர் அரசுப் பயிலகமே இருக்கிறது. கொலுப் படியில் வைக்கிற பீங்கான் பொம்மைகளுக்கும் அந்த ஊர் பேர் போனது.

ஆரோக்கியப் பக்கத்தில் பீங்கானுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. சூளை வேலை தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள். மண்ணை ஊற வைக்கணும், பிசையணும், உருவம் கொடுத்து நிழலில் காய விடணும். அதுக்கப்புறம்தான் நெருப்பு. ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிற நெருப்பு அது. ஈரம் போகாத மண்ணை அவசரமாக உள்ளே வைத்தால் வெடித்துவிடும். சுட்டு முடித்த சூளையை அவசரமாகத் திறந்தால் கீறல் விழும். நெருப்பு செய்கிற வேலையைவிடக் காத்திருப்பு செய்கிற வேலை அங்கே அதிகம்.

மண்ணுக்குச் சொன்ன இந்தச் சட்டம் மாவுக்கும் அப்படியே பொருந்தும். நாம் சாப்பிடுகிற பன்னில் என்ன தப்பு நடக்கிறது, வீட்டில் அதை எப்படிச் சரி செய்யலாம் என்பதற்கு அந்த ஒரு வார்த்தையே பதில்: காத்திருப்பு.

அமுக்கிப் பார்த்து வாங்குகிறோமே...

பேக்கரியில் நாம் என்ன செய்கிறோம்? பன்னை விரலால் லேசாக அமுக்கிப் பார்க்கிறோம். உள்ளே போய்த் திரும்பி எழுந்தால், 'ஆகா, பஞ்சு மாதிரி இருக்கு, இன்னிக்குப் போட்டது' என்று பையில் போட்டுக்கொள்கிறோம். மெத்துன்னு இருந்தால் நல்லது, கெட்டியாக இருந்தால் மட்டம். இதுதான் நம்ம கணக்கு.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. மாவை நன்றாகப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு, மணிக்கணக்கில் ஊற வைத்தாலும் பன் மெத்துன்னு வரும். அந்த நேரத்தைச் சுருக்கிவிட்டு, மாவை வலுப்படுத்துகிற ரசாயனம் சேர்த்தாலும் வரும். கொழுப்பையும் சர்க்கரையையும் தாராளமாகக் கொட்டினாலும் வரும். விரலுக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். உடம்புக்கு அப்படி இல்லை!

ரொட்டி செய்வதில் நேரத்தை மிச்சம் பிடிப்பது புதிய கதை அல்ல. 1961-ல் இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சிக்கூடம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. அதிவேக இயந்திரத்தில் மாவைச் சில நிமிடங்கள் அடித்து, அதோடு சில சேர்மானங்களையும் கலந்துவிட்டால், பல மணி நேரம் மாவை ஊற வைக்க வேண்டியதில்லை. ரொட்டி மலிவாச்சு, வேகமாச்சு. ரொட்டித் தொழிலின் போக்கையே அந்த முறை மாற்றியது.

இப்படி நேரத்தை மிச்சம் பிடிக்க உதவிய பொருள்களில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். மாவு சீக்கிரம் வலுப்பட்டு உப்பி வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் அதைச் சேர்த்தது. பிரிட்டன் 1990-லேயே தடை போட்டுவிட்டது.

நம்ம நாட்டில்? 2016 மே மாதம் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன், பாவ், பீட்சா ரொட்டி என்று 38 மாதிரிகளைப் பரிசோதித்தது. அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அனுமதிக்கப்பட்ட சேர்மானங்களின் பட்டியலில் இருந்து புரோமேட்டை நீக்கியது.

வனஸ்பதி மாதிரி கொழுப்பில் வருகிற 'டிரான்ஸ்' கொழுப்புக்கும் கடிவாளம் போட்டாச்சு. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

இதைச் சொன்னதும் 'அய்யய்யோ' என்று எல்லா பேக்கரிக்காரரையும் சந்தேகப்பட வேண்டாம். முதல் நாள் ராத்திரியே மாவு பிசைந்து வைத்து நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். எல்லாச் சேர்மானமும் விஷமும் அல்ல. கடை ரொட்டியில் இப்போது சேர்க்கிற அஸ்கார்பிக் அமிலம், நம்ம வைட்டமின் சி-தான். பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற கால்சியம் புரோப்பியோனேட்டும் அனுமதிக்கப்பட்டதுதான். பயப்படச் சொல்லவில்லை, கேள்வி கேளுங்க என்றுதான் சொல்கிறோம். அடுத்த தடவை பன்னை அமுக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, 'அண்ணே, மாவு எத்தனை மணி நேரம் ஊறுது?' என்று கேட்டுப் பாருங்களேன். நல்ல தொழிலாளி சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

இட்லி தெரிந்த கைக்குப் பன் கஷ்டமா?

'பன் எல்லாம் வீட்டில் செய்தால் கல்லு மாதிரி வருது' என்பது பல வீடுகளில் கேட்கிற புகார். காரணம் அடுப்பு அல்ல, பொறுமையின்மைதான். யோசித்துப் பாருங்க: முதல் நாள் சாயந்திரம் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி முழுக்கப் பொங்க விட்டு, காலையில் இட்லி ஊற்றுகிற நமக்கு நொதித்தலை யாராவது சொல்லித் தரணுமா?

இட்லி மாவில் வருகிற காற்றை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைக்கிறது. பன் மாவில் அந்த வேலையைச் செய்வது கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம். தண்ணீர் சேர்த்துப் பிசையப் பிசைய அது ரப்பர் வலை மாதிரி ஆகிறது. ஈஸ்ட் விடுகிற கரியமில வாயு அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு, பலூன் ஊதின மாதிரி மாவைத் தூக்குகிறது. பிசைவது குறைந்தால் வலை இல்லை. நேரம் குறைந்தால் காற்று இல்லை. இரண்டும் இல்லையென்றால்... கல்லுதான்!

இன்னொரு ரகசியமும் நம்ம அடுப்படியிலேயே இருக்கிறது. இட்லி பூவாட்டம் வரணும் என்று அரைக்கும்போது ஒரு பிடி சாதமோ ஊற வைத்த அவலோ சேர்ப்போம் இல்லையா? ஏற்கெனவே வெந்த மாவுச்சத்து தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். அதே தந்திரம்தான் பன்னுக்கும். கொஞ்சம் மாவைக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால், மறுநாளும் பன் காயாது. ஜப்பானிலும் சீனத்திலும் இந்த முறையில்தான் மெத்தென்ற பால் ரொட்டி செய்கிறார்கள். நமக்கு இது கூழ் காய்ச்சுகிற சமாசாரம்!

செய்முறை: எட்டு பன்னுக்கு

கோதுமை மாவு 150 கிராம், மைதா 150 கிராம், காய்ச்சி ஆறிய பால் 120 மில்லி, தண்ணீர் 100 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், கடலை எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை ரகங்களுக்குப் பெயர் வாங்கிய இடம். அந்தப் பக்கத்துப் பன்னுக்குக் கடலை எண்ணெய்தான் பொருத்தம். வனஸ்பதி வேண்டாம்.

எடுத்து வைத்த கோதுமை மாவிலேயே இரண்டரை டேபிள்ஸ்பூன் எடுத்து, அந்த 100 மில்லி தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறுங்க. கரண்டி போன இடத்தில் கோடு தெரிந்தால் இறக்கிவிடலாம். கூழ் நன்றாக ஆறட்டும்.

பாலை வெதுவெதுப்பாக்குங்க. விரலை விட்டால் இதமாக இருக்கணும், சுடக் கூடாது. சூடு 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துப் போகும். பாலில் ஈஸ்ட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுப் பத்து நிமிஷம் வையுங்க. நுரைத்து வந்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. வரவில்லையென்றால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்க. மாவை வீணாக்காதீங்க.

மாவு, மிச்சச் சர்க்கரை, கூழ், ஈஸ்ட் பால் எல்லாவற்றையும் கலந்து இருபது நிமிஷம் சும்மா மூடி வையுங்க. இதை விட்டுவிடாதீங்க. கோதுமை மாவின் தவிடு தண்ணீரைக் குடித்து இளகுவதற்கு நேரம் வேண்டும். இளகாத தவிடு, க்ளூட்டன் வலையைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். வீட்டில் செய்கிற கோதுமை பன் கனத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் உப்பும் எண்ணெயும் சேர்த்து 10 முதல் 12 நிமிஷம் பிசையணும். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுதே என்று மேலும் மேலும் மாவைத் தூவினால் பன் கெட்டியாகிவிடும், ஜாக்கிரதை. ஒரு சின்ன உருண்டையை இழுத்துப் பார்த்தால் கிழியாமல் மெல்லிய ஏடு மாதிரி வரணும். அதுவரை பிசையுங்க.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் 40 நிமிஷமே போதும். கடிகாரத்தைப் பார்க்காதீங்க, மாவைப் பாருங்க. காற்றை மெல்ல அமுக்கி எடுத்து, எட்டு உருண்டையாக்கி, தட்டில் ஒன்றோடொன்று தொடுகிற மாதிரி அடுக்குங்க. ஒட்டி வேகிற பன்னுக்குப் பக்கங்கள் காயாது. மறுபடி அரை மணி நேரம் மூடி வைத்து, மேலே பால் தடவி, 180 டிகிரி சூட்டில் 18 முதல் 20 நிமிஷம் சுட வேண்டியதுதான். எடுத்ததும் துளி எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் மூடுங்க. உள்ளே இருக்கிற ஆவியே மேல்தோலை மெத்தென்று ஆக்கிவிடும்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா? சூட்டோடு பிய்த்தால் உள்ளே பிசுபிசுன்னு இருக்கும். இருபது நிமிஷம் விட்டுடுங்க.

அவன் இல்லையே என்கிறவங்களுக்கு

கனமான பழைய இரும்பு வாணலியில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து மூடி, பத்து நிமிஷம் சூடாக்குங்க. பன் தட்டை உள்ளே வைத்து மூடி, சின்னத் தீயில் 25 முதல் 30 நிமிஷம். இதற்குப் பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் காய வைக்காதீங்க; அடிப்பாகம் பாழாகிவிடும். இன்னும் சுலபமான வழி, இட்லிப் பானை. வாழை இலைத் துண்டின் மேல் உருண்டையை வைத்து 12 முதல் 15 நிமிஷம் ஆவியில் வேக வைத்தால் மெத்தென்ற பன். பற்கள் இல்லாத தாத்தா பாட்டிக்கு இதுதான் வசதி.

பீங்கான் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான பீங்கான் கிண்ணம் மாவு ஊற வைக்க அருமையானது. வெளியே இருக்கிற சூடும் குளிரும் சட்டென்று உள்ளே போகாது. ஆனால் குளிர்ந்த கிண்ணத்தை அப்படியே கொதிக்கிற அவனுக்குள் வைத்தால் விரிசல் விடும். அலங்காரத்துக்காகச் செய்த வண்ணப் பீங்கானில் சமைக்காதீங்க. சில வகைப் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சமையலுக்கென்று சொல்லி விற்றதா என்று கேட்டு வாங்குங்க.

வீட்டுப் பன் என்றால் எத்தனையும் சாப்பிடலாமா?

கூடவே கூடாது! வீட்டில் செய்தோம், ரசாயனம் இல்லை, கோதுமை சேர்த்திருக்கிறோம் என்று நாலு பன்னை உள்ளே தள்ளினால் பலன் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு என்றும் அது சொல்லியது. ஏழு பேரில் ஒருத்தர்! உங்கள் வீட்டிலேயே ஒருத்தர் இருக்கலாம். 'சோறுதான் கெடுதல், ஒரு பன்னும் டீயும் போதும்' என்று அவர் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளவும் கூடும்.

அவருக்கு ஓர் அதிர்ச்சித் தகவல். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு 'கிளைசமிக் இண்டெக்ஸ்' என்று ஓர் அளவு உண்டு. 2008-ல் வெளியான சர்வதேச அட்டவணையில் வெள்ளை ரொட்டிக்குச் சராசரி 75. முழுக் கோதுமை ரொட்டிக்கு? 74! கோதுமையில் நார்ச்சத்து அதிகம், அதனால் அது மேல்தான், வயிற்றுக்கு நல்லது. ஆனால் நைசாக அரைத்த மாவு எதுவாக இருந்தாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பிரவுன் நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் படியுங்க. அதிகம் உள்ளதுதான் முதலில் வரும். அங்கே மைதா இருந்தால் அது மைதா ரொட்டிதான்.

மேலே சொன்ன அளவில் செய்த ஒரு பன்னில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஏறக்குறைய மூன்று இட்லி சாப்பிட்ட கணக்கு. பெரியவங்களுக்கு ஒன்று போதும். சர்க்கரை நோயாளி அதையும் ஜாம் தடவாமல், சுண்டலோ வேகவைத்த முட்டையோ பாசிப்பயறோ கூட வைத்துக்கொண்டு சாப்பிடட்டும். புரதம் சேர்ந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

உப்புக் கணக்கும் பார்க்கணும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது ஒரு டீஸ்பூன். நம்ம பன் ஒன்றில் அரை கிராம் போல வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதோடு ஊறுகாயையும் சிப்ஸையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு 'சீலியாக்' என்ற குடல் பாதிப்பு இருக்கும். அவர்களுக்கு எந்தப் பன்னும் ஆகாது, வீட்டுப் பன்னும்தான்.

காய்ச்சல் என்றால் பிரெட்தானா?

1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 2000-ல் அதை இந்துஸ்தான் லீவருக்கு விற்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்ம வீடுகளில் பிரெட் என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு என்றே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் கையில் ஒரு பிரெட் பாக்கெட். தப்பில்லை, சுலபமாகச் செரிக்கும். ஆனால் ரசம் சாதம், கஞ்சி, இட்லி இவற்றைவிட அதில் தனி மருத்துவ குணம் ஒன்றும் இல்லை. நோயாளிக்கு எது பிடிக்குதோ அதைக் கொடுங்க. தண்ணீர் நிறையக் கொடுங்க.

வைத்துச் சாப்பிடுவது எப்படி?

ஃப்ரிட்ஜில் வைத்தால் பன் சீக்கிரம் வறண்டு கெட்டியாகும். அந்தக் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் காரணம். மூடிய டப்பாவில் வெளியே வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்க. மிச்சம் இருந்தால் ஃப்ரீசர். சாப்பிடும்போது இட்லித் தட்டில் இரண்டு நிமிஷம் ஆவி காட்டினால் புதுசு போல ஆகிவிடும். ஓரத்தில் பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். உள்ளே நூல் நூலாக இழுத்து, அழுகின பழ வாசனை வந்தாலும் குப்பைதான். வெயில் காலத்தில் ஒரு வகை பாக்டீரியா செய்கிற வேலை அது.

யார் பிசைவது?

கடைசியாக, முக்கியமான விஷயம். 'வீட்டிலேயே செய்யுங்கள்' என்று எழுதுவது சுலபம். அந்த 'வீட்டிலேயே' என்ற வார்த்தை எப்போதும் ஒரே ஒருத்தர் தலையில்தான் விழுகிறது. மாவாட்டி, சமைத்து, வேலைக்கும் போய் வருகிற பெண்மணியிடம் 'பன்னும் நீயே செய்' என்றால் அது ஆரோக்கியம் இல்லை, அநியாயம்!

நல்லவேளையாக, பன்னில் உடம்பு வேலை என்று பார்த்தால் அந்தப் பன்னிரண்டு நிமிஷப் பிசைதல்தான். மற்றதெல்லாம் மாவு தானே செய்துகொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வீட்டு ஆண்கள் செய்யட்டும். உருண்டை பிடிப்பது பிள்ளைகள் வேலை. காத்திருப்பது எல்லாருக்கும் பொது. தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும். மற்ற நாளில் இட்லியும் தோசையும் எங்கேயும் போய்விடாது.

மெத்தென்ற பன்னுக்கு ஒரு விலை உண்டு. ஒன்று நேரத்தைக் கொடுக்கணும், இல்லையென்றால் வேறு எதையோ கொடுக்கணும். மண்ணைப் பீங்கானாக்குகிறவர்களுக்கு இது தெரியும். நேரத்தைக் கொடுத்தால் மட்டும்தான் பின்னால் கணக்குத் தீர்க்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாவைக் கொஞ்சம் தூங்க விட்டுத்தான் பாருங்களேன்!